பின்சீட்டில் கேட்ட சத்தம்

"அம்மா, பின்னுக்கு ஆரோ தட்டினம்."

சனிக்கிழமை காலை. தமிழ்ப் பள்ளிக்கு ஏற்கனவே பத்து நிமிடம் பிந்திவிட்டது. சவுத் ஹரோவில் எங்கள் தெருவைத் தாண்டி அடுத்த தெருவில் திரும்பும்போதுதான் ஆறு வயது மகள் பின்சீட்டில் இருந்து இப்படிச் சொன்னாள். கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ஒருவரும் இல்லை.

"ஒண்டும் இல்லையம்மா, உன்ர தண்ணிப் போத்தல் உருளுது" என்று சொல்லிவிட்டு ரேடியோவைக் கொஞ்சம் கூட்டினேன்.

அடுத்த சனிக்கிழமையும் சொன்னாள். "போத்தல் என்ர கையில இருக்கு" என்று தூக்கியும் காட்டினாள். அப்படியென்றால் டிக்கியில் ஏதோ ஆடுகிறது என்றேன். டிக்கியைத் திறந்து பார்த்தேனா? இல்லை.

மூன்றாவது கிழமை அவளுக்குச் சளி. கணவர் கார் ஓட்ட, நான் அவளுக்குப் பக்கத்தில் பின்சீட்டில் இருந்தேன். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடது பக்கம், கிட்டத்தட்ட என் காலுக்குப் பின்னால், 'டக்' என்று கேட்டது. அடுத்த தடையில் மறுபடியும். தெருமுனையில் மெதுவாகத் திரும்பும்போது இன்னும் இரண்டு தரம். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நான் மென்பொருள் பொறியாளர். பிழை தேடுவதுதான் சம்பளத்துக்குச் செய்யும் வேலை. பாவனையாளர் ஒருவர் 'இந்தப் பொத்தானை அமத்தினால் திரை உறைஞ்சு போகுது' என்று எழுதினால், 'உங்களுக்கு அப்படித் தோன்றியிருக்கும்' என்று நாங்கள் பதில் போடுவதில்லை. எப்போது, எங்கே, எத்தனை தரம் என்றுதான் கேட்போம். என் மகள் மூன்று கிழமையாக முறைப்பாடு தந்துகொண்டிருந்தாள். நான் ரேடியோவைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு போனில் தேடினேன். காரின் பின்பக்கம் கிளிக் சத்தம் வருவதற்கு ஊரில் உள்ள எல்லாக் காரணமும் வந்தது. ரயரில் செருகிய கல், தளர்ந்த சில்லு நட்டு, பிறேக் பாட் கிளிப், பேரிங், ஸ்பிரிங், ஷொக் அப்சோர்பர், சைலன்சரைத் தாங்கும் ரப்பர், சூட்டுத் தகடு. ஒரு சதமும் செலவில்லாத கல்லில் தொடங்கி, பல நூறு பவுண் கேட்கும் வேலை வரைக்கும் ஒரே சத்தத்துக்குப் பதில் இருந்தது. அந்தப் பட்டியலோடு நித்திரையும் வரவில்லை.

திங்கட்கிழமை பக்கத்தில் இருந்த ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். ஒருவர் காரை எடுத்துக்கொண்டு பிரதான வீதியில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தார். "ஒரு சத்தமும் இல்லை" என்றார். பார்த்ததற்கு 60 பவுண். எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் யோசித்தால், அவர் பொய் சொல்லவில்லை. தனி ஆளாக, வெறும் காரோடு, நேரான வீதியில் ஓடினார். அங்கே சத்தம் வராது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பகிடி உண்டு: 'என்ர கம்ப்யூட்டரில ஓடுதே!'

அப்பாவிடம் சொல்ல எனக்கு விருப்பம் இருக்கவில்லை. அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இரண்டு காதிலும் கேட்கும் கருவி. அதைப் போட்டாலும் சாப்பாட்டு மேசையில் நாலு பேர் சேர்ந்து கதைத்தால் பாதிதான் விளங்கும். சத்தம் கேட்காத மனிதரிடம் சத்தத்தைப் பற்றி என்ன கேட்பது என்று நினைத்தேன். ஆனால் அம்மாவிடம் சொன்ன எதுவும் அல்பேர்ட்டனில் அவர்கள் வீட்டுக்குள் அரைமணி நேரத்துக்கு மேல் இரகசியமாக இருக்காது. போன் வந்தது.

"என்ன சத்தம் பிள்ளை?"

"கிளிக் சத்தம் அப்பா."

"கிளிக் எண்டா? டக்கெண்டு கேக்குதோ, டொக்கெண்டு கேக்குதோ? கடகடவெண்டோ? இல்லாட்டி கிரீச்செண்டோ?"

"கிளிக்தான் அப்பா."

"அது இங்கிலீசுக்காரன்ர சத்தம். கார் என்ன சொல்லுது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இரட்டைக்கிளவி என்று தமிழ்ப் பள்ளியில் படித்திருக்கிறேன். சலசல, கலகல, படபட என்று பத்து உதாரணம் எழுதி முழுப் புள்ளியும் வாங்கினேன். ஆனால் ஒரு சத்தத்தைக் காதால் பிடித்து, அதற்கு ஒரு தமிழ்ச் சொல்லைப் பொருத்திப் பார்த்தது கிடையாது.

"பிள்ளையிட்டக் குடு" என்றார்.

மகள் போனை வாங்கினாள். "அம்மப்பா, முதல் டக். பிறகு கிணுங். பம்ப்பில ஏறேக்க இல்லை, இறங்கேக்க." அவருக்கு விளங்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னாள். மூன்றாம் தரம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி.

"ஞாயிற்றுக்கிழமை வாறன். அதுவரைக்கும் காரை எடுக்க வேண்டாம் எண்டு அம்மாட்டச் சொல்லு."

அப்பாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். லண்டனில் அவரை எனக்குப் பெற்றோல் ஸ்ரேஷனில் இரவு வேலை செய்தவராகவும், பிறகு மினிகாப் ஓடியவராகவும்தான் தெரியும். அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய ஒஸ்ரின் ஏ-40 வைத்து ஹயர் ஓடியவர். 1990இல் சண்டை மறுபடி தொடங்கி, பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் கிடைப்பது நின்றுபோனது. யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. ஒரு சின்னப் போத்தல் பெற்றோலைக் கார்புரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவார்கள். பெற்றோலைப் போல அது ஒழுங்காக எரியாது. என்ஜின் உள்ளே 'டங்கு டங்கு' என்று அடிக்கும், புகையும். உதிரிப்பாகங்களும் வராது. எந்தச் சத்தத்தோடு இன்னும் பத்து மைல் ஓடலாம், எந்தச் சத்தத்துக்கு உடனே நிறுத்த வேண்டும் என்று காதாலேயே முடிவெடுக்க வேண்டும். தப்பாக முடிவெடுத்தால் கார் போச்சு, அதோடு பிழைப்பும் போச்சு. 1992இல் லண்டன் வரும்வரைக்கும் அப்படித்தான் ஓடினாராம். இதெல்லாம் பகிடிக் கதையாகக் கேட்டு வளர்ந்தவள் நான். அது ஒரு தொழிற்கல்வி என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அப்பா வந்தார். தேத்தண்ணிகூட வேண்டாம் என்றார்.

முதல் வேலை, சில்லு நட்டுகள் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தது. "அது தளர்ந்திருந்தா மிச்சம் பார்க்க ஆள் இருக்காது" என்றார். நான்கு சில்லும் சரியாக இருந்தது.

இரண்டாவது, டிக்கி. உள்ளே இருந்த அவ்வளவையும் வெளியே எடுக்கச் சொன்னார். கோவில் அர்ச்சனைக் கூடை, இரண்டு மடக்குக் குடை, போன வருசக் கோடைக்கு வாங்கிய பட்மின்ரன் மட்டை, ஒரு போத்தல் நல்லெண்ணெய், தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு வாங்கி மீந்த காகிதத் தட்டுகள். அடியில் இருந்த ஜாக்கியையும் வெளியே எடுத்தார். பின்சீட்டில் பாவிக்காத பெல்ட்டின் கொக்கியை உள்ளே செருகினார். மகளின் சீட் இறுக்கமாகப் பூட்டியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். இதில் ஏதாவது ஒன்றுதான் காரணமென்றால் அதோடு கதை முடிந்துவிடும்.

மூன்றாவது, ரயர். இடது பின் ரயரின் பள்ளத்தில் உண்மையாகவே ஒரு சின்னக் கல் இருந்தது. மகள் துள்ளினாள். ஸ்குரூ டிரைவரால் மெல்ல நெம்பி எடுத்தோம். "இது இல்லை" என்றார் அப்பா. "கல்லெண்டா 'டிக் டிக் டிக்'கெண்டு சில்லு சுத்திற கணக்குக்குக் கேக்கும். இவள் சொன்னது கணக்கில்லாத சத்தம்."

அந்தக் கணக்கு எனக்குப் பிடித்தது. எங்கள் காரின் ரயர் ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 2 மீற்றர் போகும். மணிக்கு 20 மைல் என்றால் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 9 மீற்றர். அப்படியென்றால் சில்லு செக்கனுக்கு நாலரைச் சுற்று. 10 மைலில் அதன் பாதி. ரயரில் கல்லோ ஆணியோ இருந்தால் சத்தம் இந்தக் கணக்குக்கு ஏறி இறங்க வேண்டும். வேகம் கூடக் கூட நெருக்கமாகக் கேட்க வேண்டும். பேரிங் தேய்ந்தால் பெரும்பாலும் 'டக்' வராது, 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வரும், அதுவும் வேகத்தோடு கூடும். பிறேக் என்றால் மிதிக்கும்போது மாற வேண்டும். எங்கள் கார் முன்சில்லு இழுக்கும் கார். அதனால் வளைவில் 'டக டக'வென்று அடிக்கும் சி.வி. ஜொயின்ற் பின்னால் கிடையாது. மிஞ்சியது, கார் மேலும் கீழும் அசையும்போது வேலை செய்யும் பாகங்கள். ஸ்பிரிங், ஷொக் அப்சோர்பர், அவற்றைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்.

இவ்வளவையும் அப்பா ஒரு தாளும் பேனையும் இல்லாமல் பத்து நிமிடத்தில் கழித்துவிட்டார். நான் இரண்டு இரவு தேடிச் சேர்த்த பட்டியலில் பாதிக்கு மேல் வெட்டுப்பட்டுப் போனது.

அதன் பிறகுதான் ஓடிப் பார்த்தோம். நான் ஓட்டினேன். ரேடியோ இல்லை, ஹீற்றர் இல்லை, ஜன்னல் பூட்டு. அப்பா பின்சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் இருந்தார். கேட்கும் கருவி இரண்டையும் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். காரின் இரைச்சலில் அவை எல்லாச் சத்தத்தையும் சேர்த்துப் பெருப்பித்துக் குழப்புமாம். இடது கையை விரித்து, பின்சில்லுக்கு மேலே இருக்கும் உட்சுவரில் வைத்தார்.

பக்கத்துத் தெருவில் வேகத்தடைகள் வரிசையாக இருக்கின்றன. பத்து மைல் வேகத்தில் முதல் தடையில் ஏறி இறங்கினேன்.

"இப்ப!" என்றாள் மகள்.

கண்ணாடியில் பார்த்தேன். அதே நேரத்தில் அப்பா தலையாட்டினார். அவருக்குக் கேட்கவில்லை. கையில் தட்டியது. அடுத்த தடை. "இப்ப!" மறுபடியும் தலையாட்டல். ஒரு தரம் அவள் சொல்லாமல் இருந்தபோது அவர் அவளைப் பார்த்தார். "இல்லை அம்மப்பா, அது ரோட்டு" என்றாள். அவர் சிரித்தார். ஒருவருக்குக் காது, மற்றவருக்குக் கை. அந்தத் தெருவில் ஆறு தரம் போய் வந்தோம். பிறகு இருவரையும் இறக்கிவிட்டு என்னைத் தனியே ஓடச் சொன்னார். சத்தம் ஏறக்குறைய இல்லை. கராஜ்காரருக்கு ஏன் கேட்கவில்லை என்பதும் அப்போது விளங்கியது. பின்சீட்டில் பாரம் இருந்தால்தான் அது வாய் திறந்தது.

வீட்டு வாசலில் சமதரையில் நிறுத்தி, அப்பா காரின் இடது பின் மூலையை இரண்டு கையாலும் அமத்தி விட்டார். 'டக்.' வலது பக்கம் அமத்தினார். ஒன்றும் இல்லை.

நான் கீழே படுக்கப் போனேன். "காருக்குக் கீழ தலையைக் குடுக்காத. ஜாக்கியை நம்பினவன் எல்லாம் எழும்பி வந்ததில்லை" என்று பிடித்து நிறுத்தினார். போனின் லைற்றைப் போட்டு, கையை மட்டும் நீட்டி, இரண்டு பக்கமும் படம் எடுத்தோம். பிறகு மூன்று பேரும் படியில் இருந்து இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முதலில் கண்டவள் மகள்தான். வலது ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று கீழே இருந்த கிண்ணத்தில் சுற்றி வளைந்து உட்கார்ந்திருந்தது. இடது பக்கம் அந்தச் சுற்று பாதியில் நின்றது. முனையில் ஒரு பகுதி கறள் பிடித்துக் கறுப்பாகவும், மிச்சம் வெள்ளையாகப் பளிச்சென்றும் இருந்தது. கறுப்பு பழைய வெடிப்பு, வெள்ளை புதிதாக உடைந்தது என்றார் அப்பா. சில்லு கீழே இறங்கும்போது ஸ்பிரிங் விரிகிறது, உடைந்த முனை இடம் மாறி உட்காருகிறது. முதலில் டக், பிறகு கிணுங்.

ஸ்பிரிங் உடைந்த காரில் மூன்று கிழமை பிள்ளையை வைத்து ஓடியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்றே காரை நிறுத்திவிட்டோம். செவ்வாய்க்கிழமை வேறொரு கராஜில் இருந்து வந்து ஏற்றிப் போனார்கள். படத்தைக் காட்டினேன். ஒரு சுற்று ஓடிப் பார்க்கவேண்டிய தேவைகூட இருக்கவில்லை. லண்டனில் இது சாதாரணம் என்றார் மெக்கானிக். பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள். கல் பட்டு ஸ்பிரிங்கின் பூச்சு உரிந்த இடத்தில் அந்த உப்புத் தண்ணீர் போய்க் கறளாக்கும். கறள் அரித்த பள்ளத்தில் மயிரளவு வெடிப்பு தொடங்கும். பிறகு குழியும் வேகத்தடையும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். சில கார்களில், முக்கியமாக முன்பக்கம், உடைந்த முனை ரயருக்குக் கிட்ட வந்து அதைக் கிழித்துவிடலாம். எங்கள் காரில் பின் ஸ்பிரிங் உள்ளுக்குத் தள்ளி இருந்ததால் அது ரயரை எட்டாது. அது எங்கள் அதிர்ஷ்டம், கெட்டித்தனம் இல்லை. இரண்டு பக்கத்தையும் சோடியாக மாற்றினார்கள். 190 பவுண்.

போகும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார். "போன எம்.ஓ.டி. தாளைப் பார்க்கவில்லையா?"

வீட்டுக்கு வந்து அரசாங்க இணையத்தளத்தில் காரின் இலக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். எந்தக் காரின் எம்.ஓ.டி. வரலாற்றையும் அங்கே இலவசமாகப் பார்க்கலாம். பத்து மாதத்துக்கு முன் கார் பாஸ் ஆகியிருந்தது. அதற்குக் கீழே, கவனிக்கவேண்டியவை என்ற பகுதியில், பின் ஸ்பிரிங்குகளில் கறள் என்று ஒரு வரி. 1960இல் பத்து வருசத்துக்கு மேற்பட்ட வாகனங்களுக்காகத் தொடங்கிய இந்தச் சோதனை, இங்கே இப்போது மூன்று வயதான காரிலிருந்து வருசா வருசம் நடக்கிறது. பாஸா இல்லையா என்பதை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மேசை இழுப்பறைக்குள் போடுகிறவர்களில் நானும் ஒருத்தி. என் குழுவில் ஒரு பிள்ளை எச்சரிக்கைச் செய்திகளைப் படிக்காமல் விட்டால் நானே பேசுவேன்.

இதை எழுதுவதற்குக் காரணம் கார் இல்லை. அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்த இரண்டு பேரும் வீட்டில் நான் காது கொடுக்காத இரண்டு பேர். ஒருத்தி சின்னப் பிள்ளை, ஏதோ கற்பனையில் சொல்கிறாள் என்று விட்டேன். மற்றவர் வயதுபோனவர், காதும் கேட்காது என்று விட்டேன். அவர்கள் இருவருக்கும் இடையில் வேலை செய்தது தமிழ். மகளின் தமிழைப் பற்றி எனக்குத் தீராத கவலை உண்டு. 'ழ' வராது, வசனத்தில் பாதி ஆங்கிலம், மேடையில் ஏற்றினால் அழுவாள். ஆனால் 'கிணுங்' என்ற சொல்லை அவளுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொல்லத் தமிழ் இடம் தந்தது, அவள் சொன்னாள். அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு 'கிளிக்'குக்கு மேல் ஒன்றும் வரவில்லை.

உங்கள் காரிலும் ஒருநாள் ஏதாவது சத்தம் வரும். ரேடியோவை நிறுத்துங்கள். பின்சீட்டில் இருப்பவர்களிடம் என்ன மாதிரிச் சத்தம், எப்போது வருகிறது என்று கேளுங்கள். வேகத்தோடு கூடுகிறதா, தடையில் மட்டும் வருகிறதா, திரும்பும்போதா, பாரம் இருக்கும்போதா என்று இரண்டு நாள் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்போடு கராஜுக்குப் போனால் 60 பவுண் மிஞ்சலாம். பழைய எம்.ஓ.டி. தாளின் கீழ்ப்பகுதியையும் ஒருக்கால் வாசியுங்கள். சில்லு நட்டில் சந்தேகம் இருந்தாலோ, ஸ்பிரிங்கோ பிறேக்கோ என்று தோன்றினாலோ ஓட வேண்டாம்.

உடைந்த ஸ்பிரிங்கை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி வந்தேன். மகள் அதைத் தன் புத்தகத் தட்டில் வைத்திருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகும் வழியில், முதல் வேகத்தடையைத் தாண்டியதும் காரை ஓரமாக நிறுத்தினேன்.

"நீ சொன்ன நேரம் அம்மா கேக்கேல்லை. பிழை என்னிலதான். மன்னிச்சுக்கொள்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"பரவாயில்லை. உங்களுக்கு முன்னுக்கு இருந்தா கேக்காதுதானே" என்றாள்.

அன்றைக்கும் பள்ளிக்குப் பத்து நிமிடம் பிந்தித்தான் போனோம்.